தீவுகளும் உயிரினங்களும்: இலங்கைக் காட்டில் புலி ஏன் இல்லை?

விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய்வரும் எமது பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "எங்கட நாட்டிலயும் புலி இருக்கா?" என்பது. அவர்கள் கேட்பது நாலு காலில் நடக்கிற, உடம்பெல்லாம் வரி போட்ட புலியைத்தான். பெரியவர்கள் நாம் ஒரு கணம் தடுமாறிவிட்டு, "இல்லை, சிறுத்தைதான் இருக்கு" என்கிறோம். "அப்ப சிங்கம்?" "அதுவும் இல்லை." பெரும்பாலும் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தமிழ்நாட்டுக் காடுகளில் புலி இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் கடல்தான். அந்தக் கரையில் இருப்பது இந்தக் கரையில் ஏன் இல்லை?

இன்னும் ஆச்சரியமான செய்தி, ஒருகாலத்தில் இங்கேயும் இருந்திருக்கிறது என்பதுதான். இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டப் பகுதியில் கிடைத்த உயிர்ச்சுவடுகளில் புலியினுடையதும் உண்டு. அதன் வயது ஏறக்குறைய 16,500 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். அதே பகுதியில் கிடைத்த பற்களை வைத்து, இலங்கையில் சிங்கமும் வாழ்ந்தது என்று தெரணியகல 1939இல் எழுதினார். காண்டாமிருகமும் நீர்யானையும் கூட அந்த மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. இந்திய மலைக்காடுகளில் திரியும் காட்டெருதைக் கண்டிப் பகுதியில் கண்டதாக 17ஆம் நூற்றாண்டில் றொபேட் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். இன்று அதுவும் இல்லை. ஓநாய், செந்நாய், கழுதைப்புலி, பிணந்தின்னிக் கழுகு என்று அக்கரையில் சாதாரணமாகச் சொல்லப்படும் பல இங்கே இல்லை.

இவையெல்லாம் எங்கே போயின என்று கேட்டால், தீவுகளைப் பற்றிய ஒரு பழைய கணக்குக்குள் நாம் நுழைய வேண்டியிருக்கும்.

அந்தக் கணக்கைத் தொடங்க மிக வசதியான இடம் கிரகடோவா. ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவில் உள்ள எரிமலைத் தீவு. 1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26, 27ஆம் திகதிகளில் அது வெடித்தது. சத்தம் ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் அப்பால் இந்து சமுத்திரத்திலுள்ள ரொட்றிகஸ் தீவில் கேட்டது. தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போனது. ரக்காட்டா என்ற ஒரு துண்டு மிஞ்சியது, அதுவும் பல மீற்றர் கனமான சூடான சாம்பலால் மூடுண்டு. ஒரு புல்லும் உயிரோடு தப்பவில்லை என்றே கருதப்படுகிறது. அதாவது இயற்கை தானே ஒரு சிலேற்றைத் துடைத்து ஆய்வாளர்களின் கையில் கொடுத்தது போல.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1884 மே மாதம், பிரெஞ்சுக் குழு ஒன்றோடு வந்த எட்மண்ட் கொத்தோ உயிருள்ளது ஏதும் உண்டா என்று தேடினார். அவர் கண்டது ஒரேயொரு சின்னஞ்சிறு சிலந்தி. அது வலை பின்னிக்கொண்டிருந்தது. பிடிப்பதற்குத்தான் ஒரு பூச்சியும் இல்லை. சிலந்திக் குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் ஏறிப் பயணம் செய்வதுண்டு. நாற்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டி அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

பிறகு பன்னங்கள் வந்தன, புல் வந்தது, மரம் வந்தது, பறவைகள் வந்தன. 1908இல் ரக்காட்டாவில் 13 வகை வதிவிடப் பறவைகள். 1919-21இல் 27. 1932-34இல் மறுபடி எண்ணினார்கள், அதே 27. ஆனால் பெயர்களைச் சரிபார்த்தபோது, முன்பிருந்த 5 இனங்கள் காணாமற்போய், வேறு 5 புதிதாக வந்திருந்தன. தொகை மாறவில்லை, ஆட்கள் மாறிவிட்டார்கள்.

இந்த எண்களை எடுத்து வைத்து யோசித்தவர்கள் அமெரிக்கர்களான றொபேட் மக்ஆர்தரும் எட்வேர்ட் வில்சனும். முதலாமவர் பறவைகளை ஆராய்ந்தவர், கணிதத்தில் வல்லவர். இரண்டாமவர் பசிபிக் தீவுகளின் எறும்புகளைச் சேகரித்தவர். 1963இல் ஒரு கட்டுரையாகவும் 1967இல் ஒரு நூலாகவும் அவர்கள் சொன்னதை, வன்னியில் வளர்ந்த எவருக்கும் ஒரு குளத்தை வைத்து விளக்கிவிடலாம். குளத்துக்கு வாய்க்காலால் தண்ணீர் வருகிறது, துருசால் வெளியேறுகிறது. வருவதும் போவதும் சமமாகும் இடத்தில் நீர்மட்டம் நிற்கும். மட்டம் அசையாமல் நிற்பதால் உள்ளே இருப்பது அதே பழைய தண்ணீர் என்று எவரும் நினைக்கமாட்டார்கள். தீவில் உள்ள இனங்களின் தொகையும் அப்படியே. தீவு தூரத்தில் இருந்தால் வாய்க்கால் ஒடுங்குகிறது. தீவு சிறிதாக இருந்தால் துருசு பெரிதாகிறது. தூரமும் சிறுமையும் சேர்ந்த இடத்தில் மட்டம் மிகத் தாழ்ந்து நிற்கும்.

வருவது எப்படி, போவது எப்படி

வருவது பெரும்பாலும் விபத்து. 1995இல் கரிபியன் கடலில் இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வீசின. சில வாரங்களில் அங்குயிலாத் தீவின் கரையில், வேரோடு பிடுங்கப்பட்ட மரங்கள் தெப்பமாக ஒதுங்கின. அதன் மேல் குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள், எமது உடும்பின் பருமன் கொண்ட பல்லியினம், உட்கார்ந்திருந்தன. அந்த இனம் அதற்கு முன் அங்குயிலாவில் இருந்ததில்லை. சில நூறு கிலோமீற்றர் அப்பாலிருந்த ஏதோ ஒரு தீவிலிருந்து கடலில் மிதந்து வந்தவை. சில காலத்தின் பின் கருவுற்ற பெண் ஒன்றையும் அங்கே கண்டார்கள். ஒரு புயல், ஒரு தெப்பம், ஒரு புதிய குடியேற்றம்.

எமது பக்கத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2017 யூலையில் கொக்கிளாய்க் கடலில், கரையிலிருந்து பல கிலோமீற்றர் தொலைவில் ஒரு யானை தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டியபடி நீந்திக்கொண்டிருந்தது. கடற்படையினர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். நீரேரியைக் கடக்க இறங்கியதை நீரோட்டம் வெளியே கொண்டுபோயிருக்கும் என்றார்கள். யானை நன்றாக நீந்தும். ஆனால் ஒரு யானை ஒரு தீவில் ஏறிவிட்டால் அந்தத் தீவில் யானை இனம் உண்டு என்று ஆகிவிடாது. துணை வேண்டும், தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும்.

போவதை விளங்கிக்கொள்ள நெடுந்தீவுக் குதிரைகளைப் பாருங்கள். ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவான தீவு. பறங்கியரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்று காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. கடும் வரட்சி வரும் ஆண்டுகளில் அவை நீரின்றி இறந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். பெருநிலமாக இருந்தால் கூட்டம் ஈரமான வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். சிறு தீவில் நகர இடமில்லை. நூறு பேர் உள்ள கூட்டத்தை ஒரு கெட்ட ஆண்டு பத்தாக்கிவிடும், அடுத்த கெட்ட ஆண்டு துடைத்துவிடும். பத்தாயிரம் பேர் உள்ள கூட்டத்துக்கு அதே ஆண்டு ஒரு காயம் மட்டுமே. சிறுமை கொல்வது இப்படித்தான். அங்குள்ள பெருக்க மரமும், சொல்லப்போனால், ஆட்கள் கொண்டுவந்து நட்டதே.

அளவைப் பற்றி ஒரு கைக்கணக்கும் உண்டு. பிலிப் டாலிங்டன் என்ற விலங்கியலாளர் கரிபியன் தீவுகளின் தவளைகளையும் ஊர்வனவற்றையும் எண்ணிச் சொன்னது: தீவு பத்து மடங்கு பெரிதானால் இனங்களின் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திருப்பிப் போட்டால், பத்தில் ஒன்பது பங்கு நிலத்தை இழந்த இடம் தன் இனங்களில் பாதியை இழக்கும். இது ஒரு சராசரி. ஒவ்வொரு தீவுக்கும் அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் இந்தத் திருப்பிப் போட்ட கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெறும் கணக்காக இருந்ததைச் சோதித்துப் பார்க்கும் துணிவு வில்சனுக்கும் அவரது மாணவர் டானியல் சிம்பர்லோவுக்கும் வந்தது. கிரகடோவா வெடிப்பதை எவ்வளவு காலம் காத்திருப்பது? புளோரிடாவின் தெற்குக் கடலில், மிகச் சிறிய கண்டல் மரத் திட்டுகள் பல உண்டு. அவற்றில் ஆறை 1966-67இல் தெரிந்தெடுத்தார்கள். ஒவ்வொரு திட்டிலும் உள்ள பூச்சி, சிலந்தி எல்லாவற்றையும் பெயர்ப்பட்டியல் போட்டார்கள். பிறகு மியாமியிலிருந்து பூச்சி மருந்தடிக்கும் கம்பனிக்காரரை அழைத்து, திட்டு முழுவதையும் கூடாரத்தால் மூடிப் புகையடித்தார்கள். மூட்டைப்பூச்சிக்கு வீட்டையே மூடி மருந்தடிப்பதைக் கண்ட எம்மவருக்கு இந்தக் காட்சியை விபரிக்கத் தேவையில்லை. அதைக் கடலுக்கு நடுவே, சேற்றில் நின்று செய்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ எல்லாத் திட்டுகளிலும் இனங்களின் தொகை பழைய அளவுக்குத் திரும்பியது. கரைக்கு மிக அருகிலிருந்த திட்டில் அதிகம், மிகத் தூரத்தில் இருந்ததில் மிகக் குறைவு. அந்தத் தூரத்துத் திட்டு மட்டும் ஓர் ஆண்டின் பின்னும் பின்தங்கியே நின்றது. வந்து குடியேறியவற்றில் பல, முன்பு இருந்தவை அல்ல. சில ஆண்டுகள் கழித்து சிம்பர்லோவ் வேறு திட்டுகளில் வாளால் மரங்களை அறுத்துத் திட்டையே சிறிதாக்கிப் பார்த்தார். இனங்கள் குறைந்தன. தூரம் பற்றிய பாதியும் அளவு பற்றிய பாதியும் இப்படிக் கண்ணெதிரே நிரூபணமாயின.

தூரத்தின் மறுபக்கம்

தூரம் இனங்களைக் குறைக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அரைக்கதை. ஹவாய்த் தீவுகள் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. தாமாக வந்த எறும்பு அங்கே இல்லை, நிலத்தவளை இல்லை, பாம்பு இல்லை. நிலத்துப் பாலூட்டி என்று பார்த்தால் வௌவால் மட்டுமே. ஆனால் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்துசேர்ந்த ஒரேவகைச் சிறு குருவிக் கூட்டத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பிரிந்தன. ஒன்றுக்குத் தேன் குடிக்கும் வளைந்த அலகு, இன்னொன்றுக்கு விதை உடைக்கும் கிளி அலகு. வேறு எவரும் வராத இடத்தில் எல்லா வேலைகளையும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் பகிர்ந்துகொண்டன. வருகை குறைவு, ஆனால் பிறப்பு அதிகம்.

அப்படிப் பிறந்தவை தற்காப்பு அறியாதவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல்களின் தண்ணீரோடு நுளம்பு வந்தது. பின்னர் பறவை மலேரியாவும் வந்தது. கவாயித் தீவின் ஓஓ என்ற பறவையின் கடைசி ஆண் 1987இல் துணையை அழைத்துக் கூவிய ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டு விட்டுக் கூவுகிறது. 2023 ஒக்ரோபரில் அமெரிக்க அரசு அழிந்தவையென அறிவித்த பட்டியலில் ஹவாயின் 8 பறவைகள் இருந்தன, இதுவும் அவற்றில் ஒன்று.

மீண்டும் இலங்கைக்கு

கிரகடோவாவும் ஹவாயும் கடலிலிருந்து எழும்பிய தீவுகள். வெறுமையில் தொடங்கி மெல்ல நிரம்புபவை. இலங்கை அந்த வகை இல்லை. அது கண்டத்திலிருந்து அறுந்த துண்டு. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதை விட 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது. அப்போது மன்னாரிலிருந்து இராமநாதபுரத்துக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். புலியும் அப்படியே நடந்து வந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது, வந்தவர்கள் உள்ளே அடைபட்டார்கள். நிரம்பியிருந்த குளத்தில் வாய்க்காலை மட்டும் அடைத்துவிட்டது போல. துருசு திறந்தே இருந்தது.

65,610 சதுர கிலோமீற்றர் யானைக்குப் போதும், சிறுத்தைக்குப் போதும். புலிக்குப் போதவில்லை. புலி எண்ணிக்கையில் குறைவாகவே வாழும், ஒவ்வொன்றுக்கும் பெரிய வேட்டை நிலம் வேண்டும். காலநிலையும் மாறியது, மனிதரும் வேட்டையாடினர். இவற்றில் எது கடைசி அடி என்று பிரித்துச் சொல்வதை விட, அக்கரையில் என்ன நடக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். சத்தியமங்கலத்துக் காட்டில் புலி குறைந்தால் முதுமலையிலிருந்தோ பந்திப்பூரிலிருந்தோ ஒன்று நடந்து வந்து இடத்தை நிரப்பும். இலங்கையில் கடைசிப் புலி செத்த பிறகு நடந்து வர வழியிருக்கவில்லை.

இது எமது ஊகம் மட்டுமல்ல என்பதற்கு இந்தோனேசியாவைப் பார்க்கலாம். அங்கே மூன்று தீவுகளில் புலி இருந்தது. மிகச் சிறிய பாலியில் 1937இல் சுடப்பட்டதுதான் உறுதியாகத் தெரிந்த கடைசிப் புலி. நடுத்தரமான ஜாவாவில் 1970களுக்குப் பின் உறுதியான சான்றில்லை. மிகப் பெரிய சுமாத்திராவில் இன்னமும் சில நூறு இருக்கின்றன. ஜாவாவின் மக்கள் நெருக்கமும் துப்பாக்கியும் இதில் பங்காளிகள்தான். ஆனாலும் போன வரிசை, தீவுகளின் பருமன் வரிசையே.

புலிக் கதை இதோடு முடிகிறது. ஆனால் எம்மை அதிகம் உறுத்துவது புலி அல்ல, கட்டைவிரல் அளவான ஒரு தவளைக் குடும்பம்.

இலங்கையின் ஈரவலயத்தில் புதர்த் தவளைகள் என்று ஒரு கூட்டம் உண்டு. இவற்றுக்கு வாற்பேத்தைப் பருவம் கிடையாது. குளமோ குட்டையோ வேண்டாம். முட்டையை ஈரமண்ணிலோ இலையிலோ இடும், முட்டைக்குள்ளிருந்தே முழுத் தவளைக் குஞ்சு வெளியே வரும். எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள், அத்தனையும் இலங்கைக்கே உரியவை. சில, ஒரேயொரு மலையில் மட்டும் வாழ்பவை. ஆற்று நண்டுகளும் அப்படியே: ஐம்பதளவான இனங்கள், ஏறக்குறைய அனைத்தும் இலங்கைக்கே உரியவை. தரைப்பாலம் இருந்த நாட்களில் இவை ஏன் கலக்கவில்லை? நிலம் தொடர்ந்திருந்தாலும் ஈரம் தொடரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் நடுவே கிடந்தது வரண்ட சமவெளி. புலிக்குப் பாலமாக இருந்த அதே நிலம் தவளைக்குக் கடல். ஆகவே ஈரவலயம் என்பது தீவுக்குள் ஒரு தீவு, அதுவும் மிக நீண்ட காலமாக. ஹவாயில் குருவிகளுக்கு நடந்தது இங்கே தவளைகளுக்கு நடந்தது.

அந்த உள்தீவைத்தான் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெட்டினார்கள். வெட்டுவித்தவர்கள் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார். கோடரி பிடித்த கைகளில் பல, தமிழ்நாட்டிலிருந்து நடத்தி வரப்பட்ட எமது மலையக உறவுகளின் முன்னோருடையவை. காடு வெட்டும்போது அவர்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இன்று ஈரவலயத்தின் பழைய மழைக்காட்டில் இருபதில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது என்று சொல்லப்படுகிறது. எஞ்சியதும் ஒன்றாக இல்லை. சிங்கராஜா கூட 90 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மற்றவை தேயிலை, இறப்பர், வீடுகள் என்ற கடலுக்கு நடுவே சிதறிய திட்டுகள்.

இடையில் கிடப்பது தேயிலைதானே, தண்ணீர் இல்லையே, தாண்டி வந்துவிடாதா என்று எவரும் கேட்கலாம். பனாமாக் கால்வாய்க்காக 1914இல் காட்டுன் ஏரியை நிரப்பியபோது ஒரு குன்றின் உச்சி தீவாகியது. பாரோ கொலராடோ என்பது அதன் பெயர். பதினைந்து சதுர கிலோமீற்றர் அளவு, காடும் வெட்டப்படவில்லை, பாதுகாப்பும் உண்டு. அப்படியிருந்தும் அறுபதுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கிருந்து மறைந்தன. கரை சில நூறு மீற்றரில் தெரிகிறது. பறவை என்றால் பறந்து வரவேண்டியதுதானே? 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் காட்டின் உட்பகுதிப் பறவைகளைப் பிடித்து, அந்த ஏரியில் படகிலிருந்து பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சில இனங்களால் நூறு மீற்றர் கூடக் கடக்க முடியவில்லை, தண்ணீரில் விழுந்தன. நிழலை விட்டு வெளியே வந்து பழகாத உயிருக்கு நூறு மீற்றர் வெளி ஒரு சமுத்திரம். அப்படியானால் ஈரமண்ணை விட்டு விலக முடியாத ஒரு தவளைக்கு, வெயில் காயும் தேயிலைச் சரிவு என்னவாக இருக்கும்?

காட்டுத் துண்டைத் தீவாகக் கொண்டு எல்லாவற்றையும் இந்தக் கணக்கால் தீர்த்துவிடலாம் என்று 1970களில் சிலர் துள்ளினார்கள். பெரிய சரணாலயம் ஒன்றா, சிறியவை பலவா என்ற சண்டை பல ஆண்டுகள் நடந்தது. மரத்தை அறுத்துச் சோதித்த சிம்பர்லோவே அவசரப்படாதீர்கள் என்ற பக்கம் நின்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு மலையில் மட்டும் வாழும் தவளைக்கு, வேறெங்கோ உள்ள பெரிய காட்டால் பயனில்லை, அதனுடைய சிறிய காடுதான் வேண்டும். ஆனால் கணக்கின் ஒரு பகுதியை எவரும் மறுக்கவில்லை: நிலம் போன அன்றே இனங்கள் போவதில்லை. குளம் வற்ற நாளெடுக்கும். இருபதில் ஒன்றே மிஞ்சிய நிலத்துக்கு, முன்பு சொன்ன கைக்கணக்குப்படி பாதிக்கும் மேற்பட்ட இனங்கள் போகவேண்டும். புதர்த் தவளைகளில் இதுவரை அழிந்ததாகப் பதிவானவை பதினைந்துக்குச் சற்று மேல். கணக்கு பிழையாக இருக்கலாம். அல்லது மிச்சக் கடன் இன்னும் அறவிடப்படவில்லை.

அழிந்தவற்றில் பலவற்றை இன்று பார்க்கலாம், உயிரோடு அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் பிடித்து அனுப்பியவை லண்டன் அருங்காட்சியகத்தின் போத்தல்களில் இருக்கின்றன. 2002இல் மாதவ மீகஸ்கும்புர, றொஹான் பெத்தியாகொட முதலியோர் காட்டிலுள்ளவற்றை எண்ணி உலகுக்கு அறிவித்தபோதுதான், இலங்கையில் எத்தனை தவளையினங்கள் இருக்கின்றன என்பதும், போத்தலில் இருந்து காட்டில் இல்லாதவை எத்தனை என்பதும் சேர்ந்தே தெரியவந்தது.

அப்படிப் போத்தலோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவற்றில் ஒன்று, 1853இல் கெலார்ட் நுவரெலியாவில் கண்டு பெயரிட்டது. உடம்பில் பொட்டுப் பொட்டாக இருப்பதால் நட்சத்திரத்தின் பெயரை வைத்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படவில்லை, அழிந்த பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில், இரவில் ரோர்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தவர்களின் முன்னால் இலையொன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது.